எங்கள் வீட்டு மூக்கு

திமகோரஸ் துறைமுகத்துச் சிலைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அந்த வாரம் நகரசபைக்கு மூன்று தடவை நடந்தாயிற்று. மூன்று தடவையும் ஒரே பதில்தான். ரோமாபுரி அதிகாரி நாளை மறுநாள் கப்பலில் வந்து இறங்குகிறார். அவருக்கு மரியாதையாக ஒரு சிலை நிற்க வேண்டும். புதிதாக வார்க்க நேரமில்லை; பழைய சிலை ஒன்றில் பெயரை மாற்றிவிடலாம். ரோட்ஸ் தீவில் இப்போதெல்லாம் அதுதான் வழக்கம். இந்த முறை சபை தேர்ந்தெடுத்தது திமகோரஸின் கொள்ளுப்பாட்டனார் தமாட்ரியோஸின் சிலையை.

கல்தச்சன் சோசிலாஸ் பீடத்தின் முன்னால் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"உளியைத் தொடாதே" என்றார் திமகோரஸ்.

"தொடலைங்க பெரியவரே. பசிக்குது."

அவர் படியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் விண்ணென்று தெறித்தன.

"அந்த ரோமாபுரி ஆளுக்குத் தாடியே கிடையாதாமே. இங்க நெஞ்சு வரைக்கும் தாடி. பார்க்கிறவன் சிரிக்க மாட்டான்?"

"பேரைத்தானே படிக்கிறாங்க, தாடியை யாருங்க படிக்கிறாங்க? போன மாசம் ஒரு கிழவர் சிலையை இருபது வயசுக்காரனுக்குக் குடுத்தோம். அவன் அம்மா மாலை போட்டு அழுதுட்டுப் போச்சு. பிள்ளையை அப்படியே உரிச்சு வச்சிருக்காம்."

"எங்க கதை வேற. அந்த மூக்கைப் பாரு. என் அப்பாவுக்கும் அதே மூக்கு, எனக்கும் அதேதான். கடற்கொள்ளைக்காரங்களை விரட்டினவர் மூக்குப்பா அது. அவர் காலடியில இன்னொருத்தன் பேரா?"

சோசிலாஸ் மூக்கைப் பார்த்தான், அவரையும் பார்த்தான். பிறகு கடற்பஞ்சை நனைத்துப் பீடத்தை அழுத்தித் துடைத்தான்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஈரத்துல பாருங்க."

கொள்ளுப்பாட்டனார் பெயர் இருந்த இடம் லேசாகக் குழிந்திருந்தது. ஈரம் பட்டதும் அந்த எழுத்துகளுக்கு அடியில் வேறு எழுத்துகள் கருத்துத் தெரிந்தன. லிகோன் மகன் பைதோன். யாரோ ஒருவன்.

கல் காயக் காய அந்த அடியெழுத்துகள் மறைவதைத் திமகோரஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், யார் கண்ணிலும் படும்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் என் உளிக்கும்தாங்க."

"ஆழமா வெட்டு. அடியில ஒரு கோடுகூட மிஞ்சக் கூடாது."

"அப்ப உங்க பாட்டனார் பேரும்..."

"அதுவும்தான். நான் வர்றதுக்குள்ள நீ முடிச்சுட்டேன்னு வீட்டுல சொல்லிக்கிறேன். யாராவது கேட்டா நீயும் அதையே சொல்லு."

எழுந்திருக்க அவன்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. முதல் உளிச் சத்தம் கேட்கும்வரை நின்றார். பிறகு சிலையின் முகத்தை அண்ணாந்து பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.