வாய்ப்பூட்டு

என் தங்கைக்கும் எனக்கும் ஒரே முகம். இரட்டையரில் நான் கொஞ்ச நேரம் முன்னால் பிறந்தவள். அந்தக் கொஞ்ச நேரத்தைச் சொல்லிச் சொல்லியே அவளை ஆயுளுக்கும் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட வைத்துவிட்டேன். இருவரும் சேர்ந்து இரண்டு நாற்காலி போட்டு ஓர் அழகு நிலையம் நடத்தினோம். வருகிறவர்களுக்கு எங்களைப் பிரித்துச் சொல்ல ஒரே வழி வாய்தான். ஓயாமல் பேசிக்கொண்டே முடி வெட்டுகிறவள் நான். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வெட்டுகிறவள் அவள்.

முதலில் மரத்துப்போனது என் விரல் நுனிகள். ஒரு பெண்ணின் கழுத்தோரம் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணாடியைப் பார்த்து “ஐயோ, ரத்தம்!” என்று அலறினாள். கத்தரி பட்டது என் விரலில். எனக்கு உறைக்கவே இல்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கை, அப்புறம் கால், கடைசியில் இதயம்.

பரிசோதனையில் எங்கள் இருவருக்குமே அம்மாவின் கோளாறு இருந்தது. ஒரு ஜீனில் பிழை. அதனால் கல்லீரல் ஒரு புரதத்தைத் தப்பும் தவறுமாகச் செய்கிறது, அது நரம்பிலும் இதயத்திலும் போய்ப் படிகிறது என்றார் டாக்டரம்மா.

“ரெண்டு பேருக்கும் ஒரே ஜீன்னா எனக்கு மட்டும் ஏன் முதல்ல?” என்று அவரிடமே சண்டைக்குப் போனேன்.

“ஜீன் ஒண்ணா இருந்தாலும் அது எவ்வளவு பேசுது, எப்ப பேசுதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும்மா. செல்லுக்குள்ள சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துணுக்குங்க இருக்கு. எந்த ஜீனை அடக்கி வைக்கணும்னு அதுங்களும் பாத்துக்குது. நாங்க குடுக்கற ஊசியும் அப்படி ஒரு துணுக்குதான். ஜீனைத் தொடாது. புரதம் செய்யச் சொல்லி ஜீன் ஒரு நகல் அனுப்பும் இல்ல? அதைப் பிடிச்சுக் கிழிச்சுப் போட்டுடும்.”

“அப்ப அதுக்கு வாய்ப்பூட்டு போடறீங்க.”

“அப்படியே எங்க அக்காவுக்கும் ஒண்ணு போட்டு விடுங்க டாக்டர்” என்றாள் சின்னவள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மருந்துக்கு எங்கள் வீட்டில் வாய்ப்பூட்டு என்றுதான் பெயர்.

ஆனால் அது சோதனையில் இருந்த மருந்து. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம்.

மாதா மாதம் ஊசி. அவளுக்கு ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கியது. காலில் அப்போதுதான் தொடங்கியிருந்த எரிச்சல்கூடக் குறைந்துவிட்டது என்றாள். எனக்கு ஒரு சிவப்பும் இல்லை, ஒரு மாற்றமும் இல்லை. கத்தரியைப் பிடிக்க முடியாமல் கல்லாவில் உட்கார்ந்தேன். நடையும் சாய்ந்தது. பிறகென்ன, அவளுக்கு மருந்து, எனக்குத் தண்ணீர் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

“மாத்திக்கலாம்க்கா. ஊசி போடற அன்னைக்கு நான் நீயாப் போறேன், நீ நானாப் போ.”

“உனக்கென்ன பைத்தியமா?” என்று கத்தினேன். அப்புறம் ஒத்துக்கொண்டேன். எனக்கு வாழ ஆசையாக இருந்தது.

அவள் என் சேலையைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவளுக்கு நடிப்பு சுத்தமாக வராது. ஒரு முறை இடது காலை இழுத்தாள், அடுத்த முறை வலது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். ஊசி போடும் நர்சுக்குச் சந்தேகமே வரவில்லை. நிமிர்ந்து நடந்ததைவிடக் கஷ்டம், நான் பேசாமல் இருந்ததுதான். ரத்தம் எடுப்பதும் நடக்க வைத்துப் பார்ப்பதும் வேறு நாள். அன்று மட்டும் அவரவர் அவரவராகவே போனோம்.

அதற்குப் பிறகு நான் தேறியிருக்க வேண்டும். மடமடவென்று விழுந்தேன். மருந்து பிடிக்க நாளாகும் என்று அவள் என்னைத் தேற்றிக்கொண்டே இருந்தாள். சக்கர நாற்காலி வந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்தது.

முடிவு சொல்லும் நாளில் ஒவ்வொருவரையும் தனியாகத்தான் கூப்பிட்டார்கள். சின்னவள் என்னை உள்ளே தள்ளி விட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

“உங்களுக்குக் கிடைச்சது நிஜ மருந்து, முதல் ஊசியிலேருந்தே” என்றார் டாக்டரம்மா. திரையை என் பக்கம் திருப்பினார். என் ரத்தத்தில் இருந்த புரதம் ஒரு கோடாகச் சடசடவென்று இறங்கி, அடியிலேயே கிடந்தது. “ஆனா பாதியில திரும்ப ஏறுது பாருங்க. மருந்தை நிறுத்துனாத்தான் இப்படி ஆகும். அதான் எங்களுக்குப் புரியல.”

எனக்குப் புரிந்தது. சொன்னேன். அவர் திரையில் கோடு ஏறத் தொடங்கிய இடத்தில் விரலை வைத்தார்.

“நரம்பு தேற ரொம்ப நாளாகும்மா. அதுவரைக்கும் இன்னும் கெட்டுப்போகாம அந்த மருந்துதான் பிடிச்சு வெச்சிருந்துச்சு. இதயத்துல படிஞ்சதெல்லாம் ஊசி மாறுனதுக்கு அப்புறம்தான்.”

“இப்ப போட்டா?”

“போடுவோம். புதுசா வர்றதைக் குறைக்கும். படிஞ்சதை எடுக்காது.”

இன்னும் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. அது அவள் மேல் வந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். வரவே இல்லை. தன்னிடம் இருந்த நல்லதை எனக்குக் கொடுப்பதாக நினைத்துத்தான், பாவி, வெறும் தண்ணீரைக் கொடுத்தாள்.

“அவகிட்ட சொல்லாதீங்க.”

“அவங்க வந்து கேட்டா நான் பொய் சொல்ல முடியாது. தெரிஞ்சுக்க வேண்டாம்னு சொன்னாங்கன்னா விட்டுடறேன்.”

வெளியே வந்ததும் சின்னவள் எழுந்து ஓடி வந்தாள். “யாருக்கு?”

“உனக்குத்தான்டி மருந்து. எனக்கு வெறும் தண்ணி. நீ சொன்னதுதான் சரி.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நல்லவேளை மாத்துனோம். நான் உள்ள போகணுமா?”

“எதுக்கு? அதான் நான் கேட்டுட்டேனே. கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லிடு. இனிமே ரெண்டு பேருக்கும் நிஜ மருந்துதான். வீட்டுக்குத் தள்ளு.”

நீளமான தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். என் பின்னால் நின்றதால் அவளுக்கு என் முகம் தெரியாது.

“அக்கா, என்னைத் திட்டாத. மாத்திக்கலாம்னு எனக்கு ஆரம்பத்துலயே தோணிச்சு. மாட்டிக்குவோமோன்னு பயந்து பயந்து நாளைக் கடத்திட்டேன். இன்னும் முன்னாடியே மாத்தியிருந்தா நீ இன்னிக்கு நடந்திருப்ப. என்னாலதான் உனக்கு இப்படி ஆயிடுச்சு.”

நாற்காலியின் கைப்பிடியில் இருந்த அவள் கையைத் தேடிப் பிடித்தேன். அது சூடாக இருந்ததா, சில்லென்று இருந்ததா, தெரியவில்லை.

அவள் மறுபடி தள்ள ஆரம்பித்தாள். வாசல் வந்துவிட்டது.

“என்னக்கா, அதிசயமா இருக்கு” என்றாள். “ஒண்ணுமே பேச மாட்டேங்கற?”