வெளிப்பக்கம் திறக்கும் கதவு

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெயில் தாங்கும் ஓடு பதிக்க வந்தவர், தண்ணீர் குடிக்க நிழலுக்கு இறங்கி வந்தபோது சொன்னார்.

"ஒரு வீட்ல, ரூமுக்குள்ள ஆளு இருக்கும்போதே வெளிய டைல்ஸ் ஒட்டிட்டேன் மேடம். கதவு திறக்காமப் போயிருச்சு."

"ஐயய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன, திறந்தோம்."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு மாடியேறிவிட்டார். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை. உள்ளே இருந்த ஆள் யார்? சுத்தியல் சத்தம் கேட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை? நான் குடும்பக் கதை எழுதிப் பிழைப்பவள். திறக்காத கதவு ஒன்றைப் பார்த்தால், அதற்குப் பின்னால் கோபித்துக்கொண்ட ஒரு கணவர் இருப்பதாகத்தான் என் புத்திக்குத் தோன்றும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தத் தம்பதியின் வாழ்க்கையில் விழுந்திருந்த விரிசலைப் போலவே, அவர்கள் வீட்டுத் தரையிலும்…"

(வேண்டாம். இதை எழுதியது என் கைதான், மறுக்கவில்லை. ஆனால் வேண்டாம்.)

அடுத்தது: "டொக், டொக். சத்தம் அவரை நெருங்கிக்கொண்டிருந்தது."

(கொலை விழும் என்று நினைத்துவிடுவீர்கள். இந்தக் கதையில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இப்போதே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகப் படியுங்கள்.)

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்:

அவள் நான்கு நாளாகக் கணவரோடு பேசவில்லை. அவரும் அவளோடு பேசவில்லை. வீட்டுக்கு டைல்ஸ் வந்து இறங்கிய நாளிலிருந்து இப்படித்தான்.

3

அவளுக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. அவர் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர். எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் 'இன்ச் சார்'.

ஒருநாள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ரயிலில் ஏழு மணி நேரம் தள்ளியிருக்கும் ஓர் ஊரில் புதிய பரிசோதனைக் கூடம் திறக்கிறார்கள். அவள்தான் தலைமை. இரண்டு வருடம். சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போனில் சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் சுற்றினாள். தினமும் அவரிடம் சொல்லத்தான் நினைத்தாள். தினமும் வேறெதையோ சொன்னாள்.

பதின்மூன்றாம் நாள் கைப்பையைத் திறந்தபோது கடிதம் முன்பைவிட நேர்த்தியாக மடிந்திருந்தது. ஓரத்தோடு ஓரம் பிசகாமல். அந்த வீட்டில் அப்படி மடிக்கத் தெரிந்த கை ஒன்றுதான். சாவி தேடும்போது பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில், அதிலிருந்து ஐந்தாம் நாள் வாசலில் ஒரு வண்டி டைல்ஸ் வந்து நின்றது.

"ஆறு வருஷமா கேட்டேன்," என்றாள். "தரை பேந்து கிடக்கு, காலைக் குத்துதுன்னு. அப்பல்லாம் பாக்கலாம், பாக்கலாம். இப்ப லெட்டரப் பார்த்ததும் அஞ்சே நாள்ல வந்து இறங்குது. என்ன, தரையோட சேர்த்து என்னையும் ஒட்டிடலாம்னு பாக்கறீங்களா?"

"நீ மட்டும்? பன்னெண்டு நாளா பைக்குள்ள வச்சுக்கிட்டு என் எதிர்ல காபி குடிச்சிருக்க. உன் விஷயம் எனக்கு உன் கைப்பை சொல்லித்தான் தெரியணுமா?"

அத்தோடு பேச்சு நின்றது.

(என் தொல்லை இங்கேதான் ஆரம்பம். நான் எழுதும் சண்டைகளில் வழக்கமாக ஒருவர் பக்கம் தப்பு இருக்கும். கடைசி அத்தியாயத்தில் அவரை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு நான் தூங்கப் போய்விடலாம். இவர்கள் இருவர் சொல்வதும் சரியாக இருக்கிறது.)

4

வெள்ளிக்கிழமை.

கூடத்தில் டைல்ஸ்காரர் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். பழைய தரைக்கு மேலேயே பசை தடவி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, மட்டம் பார்த்து, அடுத்த கல். கோடியில் ஆரம்பித்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசல்வரை வருவது கணக்கு. படுக்கையறைக் கதவு நடுவழியில், பக்கச் சுவரில் இருந்தது.

மதியம் அவள் மேசையில் வைத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு இன்ச் சார் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தூசி போகக் கூடாதே என்று அவள் கதவின்மேல் பெரிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டினாள். புருஷனை உள்ளே வைத்து டேப் ஒட்டும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தக் கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் படுக்கையறைக் கதவு உள்பக்கம் திறக்கும். இது வெளிப்பக்கம், கூடத்தைப் பார்த்துத் திறக்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் துறைத் தேர்வுக்குப் படித்தாள். படிக்கும் மேசை அறைக்குள் நுழைந்தது; ஆனால் கதவு இடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்து, கதவைக் கழற்றி, கீலைத் திருப்பி மாட்டி, வெளியே திறக்கும்படி செய்தவர் இன்ச் சார். மூன்று தடவை தப்பாக மாட்டினார். அளவில் அவர் தப்பு செய்து அவள் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

* இந்தப் பகுதியை எங்கள் வீட்டு ஓட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், வெளிய திறக்கிற கதவுன்னா கீல் வெளிய தெரியும். அதைப் பாக்காம ஒட்டுவேனா? அன்னிக்கு ஏதோ மறைச்சிருந்துச்சு. கதவோட அடியை அறுத்துட்டுத்தான் வேலையே ஆரம்பிப்போம்." அதன்பிறகுதான் பிளாஸ்டிக் ஷீட்டை எழுதிச் சேர்த்தேன். "ஆங், ஷீட்டு இருந்தா தெரியாதுதான்," என்று மன்னித்தார்.

5

புதுக் கல்லும் பசையும் சேர்ந்தால் ஒரு விரல்கடைக்குத் தரை உயரும். கதவுக்கு அடியில் அவ்வளவு இடைவெளி இல்லை. கதவுக்கு முன்னால் கல் பதித்துவிட்டால் கதவு வெளியே வராது.

முதல் வரைவில், இதை இருவரும் மறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் திறந்து மூடிய கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை யாராவது மறப்பார்களா? அதிலும் இவர்?

அடித்துவிட்டு, இப்படி எழுதினேன்.

உள்ளே டொக் டொக் என்று சத்தம் நெருங்க நெருங்க, இன்ச் சார் பென்சிலைக் கீழே வைத்தார். மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். கதவு நிச்சயம் சிக்கும். "ஏய், கதவு!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் கொடுத்தால் முதலில் பேசியவர் அவராகிவிடுவார். வெளியே அவள் இருக்கிறாள், அவள் சொல்லட்டும்.

சமையலறை வாசலில் நின்ற அவளும், டைல்ஸ்காரர் கதவை நோக்கி வருவதைப் பார்த்தாள். வாய் திறந்தது. டைல்ஸ்காரரிடம்தானே சொல்கிறோம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் உள்ளே கேட்கும். அவள் இறங்கி வந்ததாக ஆகிவிடும். அளவெல்லாம் அவர் இலாகா, அவரே கத்தட்டும்.

கதவோரத்தில் நான்கு கல் வரிசையாக உட்கார்ந்தது. டைல்ஸ்காரர் மட்டம் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

6

நாலேகால் மணிக்கு வேலை முடிந்தது. டைல்ஸ்காரர் வாசலில் நின்று கைகழுவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கதவு 'டப்' என்று இடித்தது. மறுபடியும் 'டப்'.

"யாருக்கா அது உள்ள?"

"எங்க வீட்டுக்காரர்." சமையலறைப் பக்கமிருந்து பதில் வந்தது.

"சார் உள்ளயா இருக்காரு? சொல்லவே இல்லையே! இவ்வளவு நேரம் சத்தமே காணோமே!"

"நாலு நாளாவே காணோம்."

டைல்ஸ்காரர் ஈரக் கையோடு தலையில் கைவைத்தார். "கதவு வெளிப்பக்கமா திறக்கும்? போச்சு. இப்ப மிதிச்சா மொத்தத் தரையும் மட்டம் போயிரும்க்கா. ராத்திரிக்குள்ள இறுகிடும். ஏழு மணிக்குப் பலகை போட்டு மெதுவா வந்து, கதவை அடியில அறுத்து விட்டுடறேன். சார் அதுவரைக்கும் தாங்குவாரா?"

"அவருக்கென்ன, ஜாலியா இருப்பாரு," என்று சொல்லிக்கொண்டே அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் உறைத்தது. அவளுடைய போன் உள்ளே, அவர் மேசையில் சார்ஜில் இருந்தது.

* அறையோடு சேர்ந்த குளியலறை உண்டு. கேட்க நினைத்தவர்கள் கேட்காமல் விட்டதற்கு நன்றி.

* இந்த இடத்தில் டைல்ஸ்காரர் வாழ்க்கையைப் பற்றி அருமையாக இரண்டு வரி பேசினார். எடுத்துவிட்டேன். அவருக்கு அன்றைக்கு இன்னொரு வீட்டில் குளியலறை வேலை பாக்கி இருந்தது.

7

பின்கதவு வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தேநீரோடு அவள் ஜன்னலுக்குப் போனாள். வெறுங்கையோடு போய்ப் போனைக் கேட்க மனம் வரவில்லை.

ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.

"டீ," என்றாள்.

(நான்கு நாளில் முதல் சொல். யார் தோற்றது என்று எண்ண வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள். அவர்கள் எண்ணவில்லை.)

"கப் உள்ள வராது. கம்பிக்கு நடுவுல ரெண்டே முக்கால் இன்ச்தான்."

"அளந்தாச்சா?"

"உள்ள வேற என்ன வேலை?"

அவள் கோப்பையைக் கம்பியை ஒட்டிப் பிடித்துச் சாய்த்தாள். அவர் குனிந்து, கம்பி இடைவெளியில் உதட்டைக் கொடுத்து ஒரு வாய் குடித்தார். மோவாயில் கொஞ்சம் வழிந்தது.

"கதவு சிக்கும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"கத்த வேண்டியதுதானே?"

"நீ சொல்லுவன்னு பார்த்தேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் தேநீர் பாதி ஜன்னல் விளிம்பில் கொட்டியது.

"நல்ல ஜோடி," என்றார்.

"டைல்ஸ்காரர் பாவம். அவர் தப்புன்னு நினைச்சுட்டிருக்காரு."

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் கேட்டார். "ஏன் சொல்லல?"

கதவைப் பற்றிக் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"சொன்னா 'உன் இஷ்டம்'பீங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுவீங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டு எனக்குப் போகவும் வராது, இருக்கவும் வராது."

அவர் மறுக்கவில்லை. "உன்னை நிறுத்தணும்னு டைல்ஸ் வாங்கல," என்றார்.

"பொய்."

"சரி, பாதி அதுக்குத்தான். மீதி… நீ போறதா இருந்தா, கேட்டது நடக்காமயே போயிடுமேன்னு. ஆறு வருஷம் இழுத்துட்டேன். ஒரு நாளாவது நீ இதுல நடந்துட்டு…"

வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை.

8

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே மேசையில் போன் அடித்தது. திரையில் அவளுடைய தலைமை அலுவலகம்.

(அ) போன் அவர் கையில். அவள் கம்பிக்கு வெளியே. அவர் அதை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார். ஐந்து மணி அடிக்கிறது… இப்படி ஒரு படி எழுதினேன். எழுதி முடித்தபோது அவரை எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. கிழித்துவிட்டேன்.

(ஆ) அவரே எடுத்து, "அவ வருவா சார், சந்தோஷமா வருவா," என்று பெருந்தன்மையாகச் சொல்கிறார். கண்ணீர் மல்க அவள்… இல்லை. அதுவும் அவள் பதிலைப் பறிப்பதுதான். கொஞ்சம் அழகாகப் பறிப்பது.

(இ) அவர் போனை நிமிர்த்திப் பிடித்துக் கம்பிக்கு நடுவில் நீட்டினார். அது இடிக்காமல் வந்தது.

"பேசு. நான் கேக்கல."

சொல்லிவிட்டு இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணை எதுக்கு மூடறீங்க?"

விரலை லேசாக எடுத்தார். "உன் உதட்டைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்." மறுபடி அடைத்துக்கொண்டார்.

9

மூன்று படிகளிலும் எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். அவள் அந்த ஊருக்குப் போவாளா, மாட்டாளா என்பதல்ல. இந்த முறையும் அவர்தான் கடைசியாகத் தெரிந்துகொள்வாரோ என்று பயந்தேன். இந்தப் பகுதியை எழுதும்போதுதான் அந்தப் பயம் விட்டது. ஏனென்றால் நான் எதிர்பார்க்காத ஒன்றை அவள் செய்தாள்.

பச்சைப் பொத்தானை அழுத்தி, "சார், ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க," என்றாள். "முதல்ல வீட்ல சொல்லிட்டு, அப்புறம் உங்களுக்குச் சொல்றேன்."

போனை நெஞ்சோடு அணைத்துப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கையைக் கம்பிக்குள் விட்டு, அவருடைய வலது காதிலிருந்து விரலை மெதுவாக இழுத்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் காதைக் கம்பியருகே கொண்டுவந்தார். அவளும் குனிந்தாள்.

அவள் அவர் காதில் சொன்னது போகிறேன் என்றும் இருக்கலாம், போகவில்லை என்றும் இருக்கலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுக்குப் பிறகும் அவர் முதலில் தலையாட்டினார், பிறகுதான் கண்ணைத் திறந்தார். எனக்கு அது போதும்.

நான் நிற்கும் இடத்திலிருந்து அவளுடைய முதுகுதான் தெரிகிறது. நீங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கேட்கும்.