சுண்டு பாடிய முதல் பாட்டு

சுண்டு என்பது சினிமாவில் ஆறு வயதில் ஒட்டிய பெயர். முப்பதைத் தாண்டி, முன்நெற்றியில் முடி பின்வாங்கத் தொடங்கிய பிறகும் அது உதிரவில்லை. பேக்கரிக்காரர், பல் டாக்டர், வீட்டுக்காரம்மா, யாரைப் பார்த்தாலும் ஒரே விண்ணப்பம்: "அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லுங்களேன்."

"எனக்குப் பல்லே ஆடுது. நான் சின்னப் பையனா?"

சொல்வான். கேட்டவர் முகம் தொங்கும். "முன்ன மாதிரி வரலையே தம்பி" என்பார், இவன் குரலை எங்கோ பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல.

முன்னேயும் அது இவன் குரல் இல்லை. இவன் வாயை அசைத்தான். பிறகு டப்பிங் தியேட்டரில் ஒரு அக்கா பேசினார். சின்னப் பையன்களுக்குப் பெரிய பெண்கள் குரல் கொடுப்பது தொழில் வழக்கம். வளர்ந்து நடித்த சொற்பப் படங்களிலும் யார் யாரோ பேசினார்கள். இத்தனை வருஷம் திரையில் இருந்தவன் திரையில் ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை.

அதனால்தான் இந்தப் பாட்டு. ஒன்றே ஒன்றாவது சொந்தத் தொண்டையில் வெளியே வந்துவிட வேண்டும். பாடி முடித்துவிட்டான். இசையமைப்பாளர் கேட்டுவிட்டு நாற்காலியில் அரைவட்டம் அடித்தார்.

"ப்ரோ, ஆரம்பத்துல அந்தப் பல்லு வசனம் வேணும். அது இல்லாம யாரு கேப்பா?"

"பாட்டு எப்படி இருக்கு?"

"அதான் சொல்றேனே, வசனம் வேணும்."

கண்ணாடி அறைக்குள் போய்ச் சொல்லிப் பார்த்தான். வங்கி மேலாளர் பல்வலியைப் பற்றிப் புகார் செய்வதுபோல் வந்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னான். இசையமைப்பாளர் அதிரவில்லை. "அப்போ அவங்களையே கூப்பிடுவோம்."

மறுநாள் டப்பிங் அக்கா வந்தார். நரைத்த தலை, முழங்காலில் பெல்ட், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். சுண்டுவை அவர் நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"நீயாப்பா அது? உன் உதட்டைத்தான் எனக்குத் தெரியும். பேசி முடிச்ச பிறகும் ஒரு இழுப்பு இழுப்பே. என் உயிரை வாங்கிட்டே."

"மன்னிச்சிடுங்கக்கா."

"குழந்தை, உனக்கென்ன தெரியும்."

மைக் முன் நின்றார். ஒரே டேக். ஆறு வயதுப் பையன் ஒருவன் அறைக்குள் வந்து, பல்லை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான். இசையமைப்பாளர் கைதட்டினார். சுண்டுவும் தட்டினான், சும்மா நின்றால் நன்றாக இருக்காது.

இசையமைப்பாளர் போன் பேச வெளியே போனார். அக்கா ஃபிளாஸ்க்கை மூடும்போது சுண்டு மெல்லக் கேட்டான்.

"பாட்டைக் கேக்கறீங்களாக்கா? சின்னதுதான்."

ஹெட்போனை மாட்டிவிட்டான். அக்கா கண்ணை மூடி முழுசாகக் கேட்டார். அதுவரை முழுசாக யாரும் கேட்டதில்லை. இசையமைப்பாளரே நடுவில் ஓட்டித்தான் கேட்டார்.

"நல்லா இருக்கே," என்றார். "உனக்கு யாருப்பா பாடினது?"

'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தான். அக்கா அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பழக்க தோஷம்.

"புதுசா ஒரு பையன்க்கா."

"விட்றாதீங்க அவனை. நல்லா வருவான்."

"சொல்றேன்க்கா," என்று சொல்லி, ஆட்டோ வரைக்கும் அவருடைய ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனான்.