எட்டி அரைத்த கல்

செத்துக் கிடந்த கணவன் கங்காதரனின் தலைக்குத் தேய்க்க அரப்பு அரைக்கவேண்டும் என்று நாத்தனார் முனியம்மா அம்மியின் முன் உட்கார்ந்தபோதுதான் பவுனம்மாள் அழுகையை நிறுத்தினாள்.

"அண்ணி, அந்தக் கல்லுல வாணாம்."

"ஏன், கல்லுக்கு இன்னா?"

பவுனம்மாளின் பார்வை வாசலுக்குப் போயிற்று. வாசலில் ஒல்லாந்தர் கோட்டைச் சேவகன் நின்றிருந்தான். கங்காதரன் கோட்டைக்குத் துணிப்பொதி ஏற்றிய தோணிக்காரன். எப்படிச் செத்தான் என்று விசாரித்துப் போக ஆள் அனுப்பியிருந்தார்கள். காலில் கெளுத்தி முள் ஏறி, ஜன்னி கண்டு, வில்லாய் வளைந்து போய்விட்டான் என்று ஊர் ஒரே வாயாகச் சொல்லியாயிற்று. முள் ஏறியதும் மெய்தான்.

காயும் மீனைத் தின்ன வரும் நரிக்கு வைக்கச் சொல்லி, நேற்று எட்டிக்கொட்டை கொண்டுவந்தவன் அவன். அரைத்தவள் இவள். குடிதண்ணீரே தோணியில் வரவேண்டிய ஊரில் அம்மிக்கு யார் நல்ல தண்ணீர் விடுவார்கள்? உப்புத் தண்ணீரில் ஒரு அலம்பு, அவ்வளவுதான். புதிதாய்க் கொத்திய கல் வேறு; குழிகளில் விழுது தங்கிவிடும். இன்று காலை அவனுக்கு வயிறு போகிறதென்று அதே கல்லில் தேற்றாங்கொட்டையை இழைத்து மோரில் கொடுத்தாள். எட்டியும் தேற்றானும் ஒரே குலத்து மரங்கள் என்பார்கள். ஒன்று கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும், இன்னொன்று ஆளையே அடக்கிவிடும். பாவி மனுஷன், கசக்குது என்று சொல்லத்தான் சொன்னான். மருந்துன்னா கசக்கத்தான் செய்யும் என்று அதட்டிக் குடிக்கவைத்தாள்.

முனியம்மா குழவியைக் கையில் எடுத்தாள். பவுனம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எட்டி அரைச்ச கல்லு, அண்ணி. அதுலதான் காலைல அவருக்கு மருந்து இழைச்சேன்."

முனியம்மா அவளைப் பார்த்தாள். பிறகு கிடந்த தம்பியைப் பார்த்தாள். குழவியைக் கீழே வைக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"உள்ள இன்னாம்மா பேச்சு?" என்றான் சேவகன்.

"கெளுத்தி முள்ளுதான்னு போய்ச் சொல்லு" என்றாள் முனியம்மா.

அவன் போனான். பவுனம்மாளுக்குப் போன உயிர் வந்தது; வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அண்ணியின் காலைத் தொடக் குனிந்தாள். முனியம்மா நகர்ந்துகொண்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுத் தம்பி மகள் குப்பம்மாளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"கொயந்த இனிமே என் வூட்ல துன்னும்."

படி இறங்கியதும் முனியம்மா, பவுனம்மாள் காலையில் தட்டிக் கொடுத்த கேழ்வரகு அடையைக் குழந்தையின் கையிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்து மணலில் போட்டாள்.