ஆற்றோரத் தெரு விரல் வியாபாரம்

அனகாபுத்தூர் ஆற்றோரத் தெருவில் இடது கை ஆள்காட்டி விரலின் விலை அந்த வருடம் ஆயிரம் ரூபாய். நகம் கடிக்கிறவர்களுக்கும் அதே விலைதான். தோல் தரகர் ஹிதாயத்துல்லா மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கு விற்றார். இனாமாக வருவதைக்கூட இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, ஏற்றி வாங்குகிற குடும்பம் அது.

விற்றது இப்படித்தான். எம்.பி. தேர்தலுக்கு முந்தின வாரம் உள்ளூர் காண்ட்ராக்டரின் ஆள் துரை வீடு வீடாகக் கவரோடு வந்தான். ஹிதாயத்துல்லா அதுவரை ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. "எவன் வந்தா எனக்கின்னா? தோல் ரேட்ட டாலர் முடிவு பண்ணுது. டாலருக்கு எந்த பூத்துல ஓட்டு?" என்பது அவர் சித்தாந்தம். போடாத ஓட்டுக்கும் காசு வருகிறதே என்ற குஷியில், தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துரையின் கைமேல் போட்டார். தோல் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேசி முடிப்பார்கள். முடிந்ததும், விற்கிறவர் "சரக்கு உனக்கு, கை எனக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கையை உருவ வேண்டும். விளையாட்டுக்கு எதற்கு அந்தச் சடங்கெல்லாம் என்று ஹிதாயத்துல்லா அன்று சொல்லாமலே உருவிக்கொண்டார். துரைக்கு அந்த முறை பிடித்துப்போயிற்று. அவரிடமே ஒரு துண்டை இரவல் வாங்கிக்கொண்டு போய், தெரு முழுக்க அப்படியே பேசி முடித்தான்.

தேர்தல் அன்று காலை ஹிதாயத்துல்லா டீ டம்ளரைப் பிடிக்கப் போனபோது இடது கையில் அந்த விரல் இல்லை. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. பிறவியிலேயே நாலு விரல்காரர்போல அந்த இடம் வழவழவென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இடுப்பு உயரத்தில் விரல்கள் போய்க்கொண்டிருந்தன: மருதாணி வைத்தவை, மோதிரம் போட்டவை, பிளாஸ்திரி சுற்றிய ஒன்று. ஒரு சத்தமும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் அவற்றை ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் பூத் ஸ்லிப் இருந்ததால் அதிகாரிகளும் ஆட்சேபிக்கவில்லை. மாலையில் விரல் மையோடு கைக்குத் திரும்பியது, ஐஸ் பெட்டியில் கிடந்த மீன்போலச் சில்லென்று. அந்தக் குளிர் பிறகு போகவே இல்லை. ரேஷன் கடை மெஷினில் வைத்தால் திரையில் துரையின் பெயர் வந்தது. கடைக்காரர் ஒரு வாரம் குழம்பினார், அப்புறம் பழகிவிட்டார். "கட்டை விரல வை பாய், அது இன்னும் உன்னுதுதான்" என்றார்.

சட்டசபைத் தேர்தலுக்கும் விரல் தானாகவே போய்வந்தது. யாரும் கவலைப்படவில்லை, வெயிலில் நிற்கிற வேலை மிச்சம் என்றுகூடச் சொன்னார்கள்.

அந்தக் கார்த்திகையில் அடையாறு ஏறியது. ஆறு எப்போதும் ஏறுகிறதுதான். ஆனால் தெருத் தண்ணீர் வடிகிற கால்வாயின் வாயைக் காண்ட்ராக்டர் தன் மண்டபத்து கார் பார்க்கிங்குக்காக மண் போட்டு மூடியிருந்தார். ஹிதாயத்துல்லாவின் மனைவி நூர் பீவி கட்டில்மேல் நாற்காலி போட்டு, இரண்டு நாள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் முழங்காலில் வந்து நின்றது. வடிந்த பிறகு விசாரிக்க வந்த அதிகாரி, "கால்வாய அடைச்சது எங்க, யாருன்னு காட்டுங்க" என்றார். வலது கையில் விளக்குமாறும் வாளியுமாக நின்ற தெருவே இடது கையைத் தூக்கியது. அத்தனை ஆள்காட்டி விரல்களும் ஒரே சமயத்தில் மடங்கிக்கொண்டன. ஹிதாயத்துல்லா வலது கையால் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். விரல் இரும்புபோல இறுகி, மெல்லத் திரும்பி, அவர் நெஞ்சையே காட்டியது. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

நூர் பீவி அன்று பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்தார். "வெரல வித்த மனுஷனுக்கு வூட்ட விக்க எம்மா நேரமாவும்? வார்டு எலெக்சன் வருதுல்ல, அதுல நீங்களே போய் ஓட்டுப் போடணும். இல்லன்னா நான் பல்லாவரம், எங்க அண்ணன் வூட்டுக்கு. திரும்பக் கூப்புட வராதீங்க."

வார்டு தேர்தலில் காண்ட்ராக்டரே நின்றார். எதிரில், கால்வாயைத் திறக்கச் சொல்லி மனுப் போட்டுச் சலித்த பியூலா டீச்சர் சுயேச்சையாக நின்றார். ஹிதாயத்துல்லா வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு நோட்டீஸையும் கடைசி வரி வரை படித்தார், தோலில் ஓட்டை தேடுவதுபோல. துரையிடம் போய் விரலைத் திருப்பிக் கேட்டார். "வித்த மாலத் திருப்பிக் கேக்கறது உங்க மண்டில வழக்கமா பாய்?" என்று அவன் சிரித்தான். வழக்கமில்லைதான்.

தேர்தலன்று நாலு விரல் கையோடு அவரே பூத்துக்குப் போய் வரிசையில் நின்றார். முன்னும் பின்னும் விரல்கள். சுவாசம் கேட்டது அவருடையது மட்டும். மேசைக்கு வந்தபோது அவருடைய விரல் அவருக்கு முன்னால் மை வைக்கக் காத்திருந்தது. அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாய், ஒரு ஓட்டுக்கு ஆள் ஒண்ணு, வெரல் ஒண்ணா? ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு ஒருத்தரா வாங்க. பின்னாடி கூட்டம் கீது பாரு."

ஹிதாயத்துல்லா துண்டை எடுத்துத் தன் விரல்மேல் போட்டார். உள்ளே கையை விட்டார். பேரம் நெடுநேரம் நடந்தது. பார்த்தவர்கள் அவர் முகம் வெளுத்ததையும், இரண்டு முறை தலையசைத்து மறுத்ததையும், கடைசியில் கண் கலங்கி ஒப்புக்கொண்டதையும் சொல்கிறார்கள். "சரக்கும் எனக்கு, கையும் எனக்கு" என்று உரக்கச் சொல்லித் துண்டை உருவினார். ஐந்து விரலும் இருந்தன. என்ன விலைக்கு முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. துண்டுக்கடியில் பேசியதை வெளியே விடுவது தொழில் தர்மமல்ல. ஆனால் அதற்கப்புறம் அவர் ஒரு வார்டு கூட்டத்தையும் விட்டதில்லை, ஒரு டெண்டர் நோட்டீஸையும் படிக்காமல் இருந்ததில்லை. அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் நூர் பீவி மை வைத்த விரலைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. பெட்டியைத் திறந்து புடவைகளைத் திரும்ப அடுக்கினார்.

பியூலா டீச்சர் நாற்பத்தொரு ஓட்டில் தோற்றார். ஹிதாயத்துல்லா உடனே வகுத்துப் பார்த்தார்: அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வந்தால் இரட்டைக் கணக்கு, ஆகவே தேவை இருபத்தொரு விரல்தான். அன்று முதல் சில்லென்ற விரல் இருக்கிற வீடாகப் பார்த்து ஏறுகிறார். விரலுக்குச் சொந்தக்காரர் தன் வலது கையால் தானே பேச வேண்டும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து முறையைச் சொல்லித் தருவதோடு சரி. சிலர் அழுகிறார்கள், சிலர் கதவைச் சாத்துகிறார்கள், ஒருவர் கமிஷன் எவ்வளவு என்று கேட்டார். தெருவுக்கு இதுவும் பழகிவிட்டது.

தேவை இருபத்தொன்று. சூடானவை ஒன்பது. பாக்கி பன்னிரண்டு.