மூன்று மாதக் கால்வலி

மூன்று மாதங்களாக, விளையாட்டு வகுப்பு இருக்கும் நாட்களில் மட்டும் வாலுவுக்குக் கால் வலித்தது. அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டு லீவு லெட்டர் கொண்டுபோவாள். மைதானத்து ஓரச் சிமெண்ட் படியில் உட்காருவாள். உட்காருவது என்று பேர்தான். இரண்டு காலும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். போன வருடம்வரை அந்த வகுப்பில் ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்றுதான் அப்பா அவளுக்கு வாலு என்று பேர் வைத்தார்.

வீடு ஒரே அறை. படிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், கதவுக்கு வருவாள், மறுபடியும் ஜன்னல். அம்மா வெளிநாட்டில் நர்ஸ். வருடத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். தினமும் ஃபோனில் முகம் பார்த்துப் பேசும்போது அப்பாதான் ஃபோனைப் பிடித்திருப்பார். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்விடும்.

ஒருநாள் விளையாட்டு டீச்சர் அப்பாவை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டார்: "மூணு மாசமா கால்வலிங்கிறா. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அப்பா பஸ் டிரைவர். டிப்போவில் சொல்லிவிட்டு நேரே பள்ளிக்கு வந்தார். லெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏம்மா என்கிட்ட சொல்லல? நான் பயந்துடுவேன்னா?" என்றார். ஏற்கெனவே பயந்துதான் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று வெளியே உட்காரச் சொன்னார். அப்பா முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. வாலுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தாள். "காலு வலின்னு வந்த பொண்ணா இது? நான் துடைக்கத் துடைக்க மிதிச்சுக்கிட்டே இருக்கு!"

வாலு நின்றாள். அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்குக் கால் வலிக்கல."

"பின்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டே மளமளவென்று கொட்டினாள். "உள்ள போடுறதெல்லாம் பழசு, பத்தல. ஓடினா வலிக்குது. பசங்க வேற சிரிக்கிறாங்க."

அப்பாவின் காது சிவந்தது. "அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே!"

அப்பா எழுந்துபோய் எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, அதை வாலுவின் கையில் கொடுத்துவிட்டு, தெருக்கோடிவரை போய் முதுகைக் காட்டி நின்றார். அவள் பேசி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அத்தனை நேரமும் அவர் திரும்பவே இல்லை.

அங்கிருந்து நேரே துணிக்கடை. பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்லும் குரலில் அப்பா கேட்டார்: "விளையாடுற பொண்ணுங்க உள்ள போடுறது வேணும்மா. ஓடும்போது வலிக்கக் கூடாது."

"என்ன சைஸ் சார்?" என்றாள் விற்பனைப் பெண்.

"அதை அவகிட்டயே கேளுங்க." அப்பா சட்டென்று திரும்பி, அடுக்கியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்த விளையாட்டு வகுப்பில் வாலு ஓடினாள். முதல் சுற்றில் வலி இல்லை. இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கியது. மூன்று மாதம் சும்மா இருந்த உடம்பு. பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு நிமிஷம் ஓரமாக ஒதுங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

"வாயை மூடிட்டு ஓடு, பாக்கலாம்!" என்று கத்தினாள்.

அவன் ஓடினான். அவளைத் தாண்டியும் போனான். வாலு ஐந்தாவதாக வந்தாள். போன வருடம் அவள் முதுகைப் பார்த்து ஓடியவர்கள் நான்கு பேர் அவளுக்கு முன்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாலு நேரே டீச்சரிடம் போனாள்.

"மிஸ், ரிலேக்கு என் பேரையும் எழுதிக்கோங்க."

"முதல்ல ரெண்டு வாரம் ஒழுங்கா ஓட வா. அப்புறம் பாக்கலாம்."

"நாளைக்குக் காலையில வரட்டா?"

"நாளைக்கு ஸ்கூலே கிடையாதே!"

"கிரவுண்டு கேட் திறந்திருக்குமா மிஸ்?"

டீச்சர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவள் வாட்ச்மேனைத் தேடிப் போயிருந்தாள்.