வாலுவின் பிடி

இன்னும் முப்பத்தொரு மணி நேரம். நாளை மாலை ஐந்து மணிக்கு இடைக்காலத் தடை முடிகிறது. அதற்குள் மேல் நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், டாக்டர்கள் வாலுவின் வென்டிலேட்டரை நிறுத்தலாம். பெற்றவர்களின் சம்மதம் தேவையில்லை என்று கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் நான்காம் பக்கத்தில் இருந்தது.

வாலுவுக்கு ஆறு வயது. மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். ஏழு வாரமாகக் கண் திறக்கவில்லை.

அவள் அப்பா பம்பு மெக்கானிக். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், பேரிங் போயிருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். "மோட்டாருக்கெல்லாம் நாடி பாப்பாரு. எனக்குக் காய்ச்சல்னா மட்டும் தெர்மாமீட்டர் தேடுவாரு" என்று அவர் மனைவி பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்த காலம் உண்டு.

அந்தக் கையைத்தான் இப்போது வாலுவின் அம்மா மலைபோல நம்பியிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் வாலு தன் விரலைப் பிடித்து அழுத்தினாள் என்று அவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். தடை கிடைத்ததே அதனால்தான்.

காலை பத்து மணிக்கு வக்கீலம்மா புதுத் தாள்களோடு வார்டுக்கு வந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. நெளிவு நெளிவான மூச்சுக் குழாய் வாலுவின் மணிக்கட்டை ஒட்டியபடி மெத்தைமேல் கிடந்தது.

"அக்கா, இந்தத் தடவை நீங்களும் ஒரு பத்திரம் குடுக்கணும்" என்றார் வக்கீலம்மா. "ஒருத்தர் சொன்னா ஆசைன்னு தள்ளிருவாங்க. ரெண்டு பேர் சொன்னாத்தான் சாட்சி."

"போன தடவை டாக்டருக்கு ஒரு மணி நேரம், எங்களுக்கு மூணு நிமிஷம். பெத்ததுக்கு அவ்வளவுதான் போல" என்றாள் அம்மா. "எங்க கையெழுத்துப் போடணும்?"

"படிச்சுட்டுப் போடுங்கக்கா. அவ உங்க விரலையும் அழுத்தினான்னு எழுதியிருக்கு. நிஜந்தானே? நாளைக்கு நீதிபதி கேப்பாரு."

அம்மா சற்றுத் தயங்கினாள். "நான் வச்சா ஒண்ணும் தெரியல. என் கை வெறும் பாத்திரம் தேய்க்கிற கை. அவர் கை பொய் சொல்லாது. அவருக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

"அப்படிச் சத்தியம் பண்ண முடியாதுக்கா."

"பண்றேன். ஜெயில்ல வச்சாலும் பரவால்ல." கணவனைப் பார்த்தாள். "ஏங்க, ஒரு தடவை புடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நாலு நாளா அவ கையத் தொடவே இல்லையே நீங்க."

அவர் வாலுவின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "கை மரத்துப்போச்சு."

"ரெண்டு கையுமா?"

அந்த நாலு நாளும் அவர் வாசலில் நின்றார், டீ வாங்கப் போனார், நர்ஸிடம் கேட்டதையே திரும்பக் கேட்டார். மகள் கைக்குப் பக்கத்தில் மட்டும் போகவில்லை. மனைவி சாப்பிட மறந்தபோதெல்லாம் "வாலு புடிச்சாளே, நீ தெம்பா இருக்க வேண்டாமா" என்று ஊட்டிவிட்டவர் அவர்தான். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

அம்மா தாளை முழங்கால்மேல் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.

அவர் கட்டிலைச் சுற்றி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுதாத."

"விடுங்க. நேரமில்ல."

"வெள்ளிக்கிழமை நர்ஸு மிஷின்ல மூச்ச மாத்தினாங்க. நிமிஷத்துக்குப் பதினெட்டு இருந்தத பதினாலாக் குறைச்சாங்க."

"அதுக்கு?"

"என் விரல் அப்ப அவ கைக்குள்ளதான் இருந்துச்சு. அவ பிடியும் பதினாலாச்சு. எண்ணிப் பாத்தேன்மா. திரும்பத் திரும்ப எண்ணினேன். அது குழாயோட அதிர்வு. அவ என்னைப் புடிக்கவே இல்ல."